மகத்துக்குத் தெற்கே ஒரு வில்லை

(எமது சங்கத்தின் மாசி மாத ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



என்னை இந்த மேடையில் கண்டதும் சிலர் சிரித்ததை நானும் கண்டேன். நியாயமான சிரிப்புத்தான். வழமையாக நான் இந்த மண்டபத்தில் கதிரை அடுக்குகிறவன், சாப்பாட்டு வரிசையில் சோறு போடுகிறவன். இன்று என்னைப் பேச விட்டதற்குச் செயலாளர் அண்ணைதான் காரணம். "போன முறை பின்னுக்கு நிண்டு பெடியளுக்கு வானத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். அதை மேடையிலை சொல்லு" என்றார். நான் பேராசிரியர் இல்லை. க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தேன். அதோடு என் படிப்பு நின்றது. இங்கே ஸ்லௌவில் ஒரு பக்டரியில் உலோகத் துண்டுகளைப் பொலிஷ் பண்ணுகிறேன். பெரும்பாலும் நைற் ஷிப்ற். இவனுக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். பொலிஷ் பண்ணுகிறவனுக்கும் வானத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எல்லாம் என் மகளால் வந்தது. பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: உங்கள் ஊரில் வாழ்ந்த பெரிய மனிதர் ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்று. "அப்பா, ஹேர்ஷல் ஆர்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஸ்லௌவில் ஹேர்ஷல் என்ற பெயரில் தெரு இருக்கிறது, பூங்கா இருக்கிறது. பழைய கடைக்காரர் யாரோவாக்கும் என்று இருந்துவிட்டேன். 2011 இல் இங்கே புதிய பஸ் நிலையம் திறந்தபோது, அதன் வளைந்த கூரையே அந்த மனிதரின் கண்டுபிடிப்பு ஒன்றை நினைத்துக் கட்டியது என்று பிறகுதான் அறிந்தேன். அதற்குக் கீழே நின்று எத்தனை இரவு வேலைக்குப் பஸ் பிடித்திருக்கிறேன்! அண்ணாந்து பார்த்தது கிடையாது.

மகளுக்காக வாசிக்கத் தொடங்கினேன். பிறகு எனக்காக வாசித்தேன்.

வில்லியம் ஹேர்ஷல் 1738 இல் ஜேர்மனியில், ஹனோவரில் பிறந்தவர். தகப்பன் இராணுவ வாத்தியக் குழுவில் ஓபோ என்ற குழல் வாசிக்கிறவர். மகனும் பதினாலு வயதில் அதே குழுவில் சேர்ந்தார். 1757 யூலை மாதம் பிரெஞ்சுப் படையோடு நடந்த சண்டையில் ஹனோவர் பக்கம் தோற்றது. ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் போனது. அந்த வருடம் முடிவதற்குள், பத்தொன்பது வயது மட்டில், தமையனோடு கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். கையில் காசில்லை. லண்டனில் மற்றவர்களுடைய இசைத் தாள்களைப் பார்த்துப் பிரதி எழுதிக் கொடுத்துச் சாப்பிட்டார். அவரை இராணுவத்திலிருந்து முறைப்படி விடுவித்த கடிதம் வந்தது 1762 இல். ஐந்து வருடம். ஒரு கடிதத்துக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று இந்த மண்டபத்தில் ஒருவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

அவரும் நாங்களும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஹனோவருக்கும் இங்கிலாந்துக்கும் அப்போது ஒரே அரசன். எங்களுக்கு இருந்த தடைகள் அவருக்கு இருக்கவில்லை. ஆனால் சண்டைக்குத் தப்பி, பாஷை அரைகுறையாகத் தெரிந்த நாட்டில், கிடைத்த வேலையைச் செய்து தொடங்கிய மனிதர் அவர். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1766 இல் பாத் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஓர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. பகலெல்லாம் இசை வகுப்பு, கச்சேரி. இரவில் வானசாஸ்திரப் புத்தகம். தொலைநோக்கி வாங்கப் பார்த்தார், பெரியவை விலை கட்டாது. நானே செய்கிறேன் என்று 1773 இல் தொடங்கினார்.

இந்த இடத்தில்தான் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ஏனென்றால் அந்தக் காலத்துத் தொலைநோக்கியின் கண்ணாடி கண்ணாடியே அல்ல. உலோகம்! செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்து, அரைத்து, பொலிஷ் பண்ணி எடுக்கிற வட்டத் தட்டு. குதிரைச் சாணத்தை இடித்து அரித்து அச்சுச் செய்தார்கள். 1781 இல் மூன்றடி அகலத் தட்டு ஒன்றை வீட்டு நிலவறையிலேயே வார்க்கப் போய், உருகிய உலோகம் ஒழுகி, நிலத்தில் பதித்த கற்கள் சூட்டில் வெடித்துப் பறந்தன. நின்ற எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். எங்களுடைய பக்டரியில் இப்படி நடந்தால் ஒரு மாதத்துக்கு விசாரணை நடக்கும்.

பொலிஷ் என்றால் மினுக்குவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது மட்டுமில்லை. ஓர் இடத்தில் கை கூட அழுத்தினால் அங்கே பள்ளம். நடுவில் நிறுத்தினால் கோடு. கண்ணுக்குத் தெரியாத பிழையை விரல் நுனி அறியும். ஹேர்ஷலின் தட்டு வெறுமனே மினுங்கினால் போதாது, நடுவில் சரியான குழிவு வேண்டும். மயிரிழையில் சிறு பங்கு பிசகினாலும் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாமல் கலங்கித் தெரியும். ஒரு முறை ஒரு தட்டை முடிக்கையில் பதினாறு மணி நேரம் அதிலிருந்து கையை எடுக்கவில்லையாம். பதினாறு மணி நேரம்! இரண்டு ஷிப்ற். இத்தனைக்கும் அந்த உலோகம் சில காலத்தில் மங்கிப் போகும். திரும்பவும் முதலிலிருந்து பொலிஷ்.

அந்தப் பதினாறு மணி நேரமும் அவருக்குச் சாப்பாட்டைத் துண்டு துண்டாக வாயில் ஊட்டிவிட்டது யார் தெரியுமா? அவருடைய தங்கை கரோலைன். இனி நான் சொல்லப்போவது அவரைப் பற்றி.

கரோலைன் 1750 இல் பிறந்தவர். பத்து வயதில் தைபஸ் காய்ச்சல் வந்து வளர்ச்சி நின்றது. கடைசி வரை உயரம் நாலடி மூன்று அங்குலம். இவளுக்கு இனிக் கலியாணம் நடவாது, வீட்டு வேலைக்கு இருக்கட்டும் என்று தாய் தீர்மானித்துவிட்டார். படிப்பிக்க விரும்பவில்லை. இருபத்திரண்டு வயது வரை அந்தக் குசினிதான் அவருடைய உலகம். 1772 இல் வில்லியம் ஊருக்குப் போய்த் தங்கையைத் தன்னோடு அனுப்பும்படி கேட்டார். வீட்டு வேலைக்கு ஆள் வைக்கத் தாய்க்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் கரோலைன் வண்டி ஏறினார்.

இங்கிலாந்து வந்து ஆங்கிலம் படித்தார், பாட்டுப் படித்தார், கணக்குப் படித்தார். கணக்குப் பாடம் அதிகம் நடந்தது காலைச் சாப்பாட்டு மேசையில். வாய்பாடு மட்டும் கடைசி வரை மனதில் நிற்கவில்லையாம். ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வாராம். பிள்ளைகளே, இதைக் கேட்டுக்கொண்டு நாளைக்கு வாய்பாடு பாடமாக்காமல் விடக்கூடாது! அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கணக்குகளைப் பிழையில்லாமல் செய்தவர் அவர்.

1781 மார்ச் 13 ஆம் திகதி வில்லியம் யுரேனஸ் கிரகத்தைக் கண்டார். அதன் பிறகு அரசர் வருடத்துக்கு 200 பவுண் கொடுத்தார். இசையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். 1786 ஏப்ரல் மாதம் ஸ்லௌவில் வின்சர் வீதி வீட்டில் குடியேறினார்கள். அந்த வீடு இப்போது இல்லை, 1960களில் இடித்துவிட்டார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் இருபது அடி நீளமான தொலைநோக்கி. தட்டின் அகலம் கிட்டத்தட்டப் பத்தொன்பது அங்குலம். அவர்கள் வானத்தைத் தேடியது இப்படித்தான். குழாயைத் தெற்கே பார்க்க வைத்துவிடுவார்கள். ஒரு வேலையாள் கைபிடியைச் சுற்றிச் சுற்றிக் குழாயை மெல்ல மேலும் கீழும் அசைப்பார். பூமி சுழல்வதால் வானம் தானாகவே கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்து வரும். கூட்டுமாறால் முற்றம் கூட்டுவது போல, ஒரு கீலம் ஒரு கீலமாக வானத்தைக் கூட்டினார்கள். வில்லியம் மேலே மேடையில் குளிரில் நின்று கண்ணை வைத்திருப்பார். ஏதாவது தெரிந்தால் சத்தமாகச் சொல்லுவார். கரோலைன் யன்னலோரம் மெழுகுதிரி, மணிக்கூடு, நட்சத்திர அட்டவணை எல்லாவற்றோடும் இருந்து நேரத்தையும் இடத்தையும் எழுதுவார். விடிந்த பிறகு அண்ணன் படுப்பார். தங்கை இரவு எழுதியதைக் கணக்குப் போட்டுத் தெளிவாகப் பிரதி எழுதுவார்.

லேசான வேலை என்று நினைக்காதீர்கள். 1783 டிசம்பர் 31 இரவு, முழங்காலடி வரை பனி. அண்ணன் அவசரமாகக் கூப்பிட, இருட்டில் ஓடிய கரோலைன் விழுந்து, காலில் பெரிய இரும்புக் கொளுக்கி ஏறிவிட்டது. தூக்கி எடுத்தபோது சதை பிய்ந்து வந்தது. இது என்ன வேலைத்தலப் பாதுகாப்பு என்று கேட்க அந்தக் காலத்தில் யூனியன் இல்லை.

இப்படி ஓர் இரவு 1787 பெப்ரவரி 22. ஸ்லௌ வானத்தின் தெற்குப் பக்கத்தில், அடிவானத்துக்கு மேலே முப்பது பாகை உயரத்தில், ஒரு புகார்த் துண்டு குழாயின் பார்வைக்குள் வந்தது. நல்ல வெளிச்சம், நீளம், நடுவில் இன்னும் வெளிச்சம். வில்லியம் தன் அட்டவணையில் வெளிச்சமான புகார்களை முதலாம் வகுப்பில் போடுவார். இது முதலாம் வகுப்பில் 163 ஆவது. ஒரு வரி. அதை எழுதிவிட்டு அடுத்த புகாருக்குப் போய்விட்டார்கள். இருவரும் வேலையை முடிக்கும்போது இப்படி 2500 சேர்ந்திருந்தன.

அந்த 163 ஆவது புகார்தான் இன்றைய என் பேச்சின் நாயகன்.

வில்லியமின் மகன் ஜோன் இதே ஸ்லௌ வீட்டில் பிறந்தவர். அவர் தகப்பனின் வேலையைத் தொடர்ந்தார். பிறகு 1888 இல், டென்மார்க்கிலிருந்து அயர்லாந்துக்கு வந்து வேலை செய்த டிரையர் என்பவர் எல்லாவற்றையும் சேர்த்து 7840 பொருள்களுக்கு ஒரு புதிய அட்டவணை போட்டார். அதில் எங்களுடைய புகாருக்கு 3115 என்ற இலக்கம் கிடைத்தது. இன்றும் அதுவே பெயர்: என்.ஜி.சி. 3115. நூல் நூற்கிற கதிர் போல நடுப் பருத்து இரு முனையும் மெலிந்திருப்பதால் கதிர்க் கலக்சி என்றும் சொல்வார்கள்.

கலக்சி என்றால் என்ன? எங்கள் சூரியன் ஒரு நட்சத்திரம். இதைப்போல் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் ஒன்றாகச் சேர்ந்து சுற்றுவதுதான் எங்கள் பால்வீதி. அது ஒரு கலக்சி. ஊரில் கரண்ட் இல்லாத இரவுகளில் வானத்தில் வெள்ளை ஆறு மாதிரிப் பார்த்திருப்பீர்கள். அதன் உள்ளே இருந்துதான் அதைப் பார்க்கிறோம். ஹேர்ஷல் கண்ட பல புகார்கள் வெளியே தனித்தனித் தீவுகளாக நிற்கிற வேறு கலக்சிகள். அது அவர் காலத்தில் நிச்சயமாகத் தெரியாது. 1920களில் அமெரிக்காவில் எட்வின் ஹபிள் அன்ட்ரொமீடாப் புகாரின் தூரத்தை அளந்த பிறகுதான் அந்த வழக்குத் தீர்ந்தது.

கலக்சிகளில் சில சுருள். எங்களுடையதும் அப்படித்தான், மத்தாப்பூச் சக்கரம் மாதிரிக் கைகள் இருக்கும். சில உருண்டை, முட்டை வடிவம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்க வேண்டும் என்று ஹபிள் 1936 இல் தன் படத்தில் ஓர் இடம் விட்டார். அந்த நடு வகைதான் வில்லை வடிவக் கலக்சி. நடுவில் மொத்தமான உருண்டை, சுற்றிவர மெல்லிய தட்டு, ஆனால் சுருள் கைகள் இல்லை. எங்களுடைய 3115 அந்த வகையில் நல்ல உதாரணம். அதுவும் விளிம்புப் பக்கம் எங்களைப் பார்த்து நிற்பதால் அந்த வடிவம் அப்படியே தெரிகிறது.

பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். வில்லைக்கு ஆங்கிலத்தில் லென்ஸ் என்கிறோமே, அது எங்கிருந்து வந்த சொல்? லத்தீனில் லென்ஸ் என்றால் பருப்பு. எங்கள் மைசூர்ப் பருப்பு இருக்கிறதே, அந்தக் குடும்பம்தான். உடைக்காத முழுப் பருப்பு ஒன்றைக் குத்தென நிறுத்திப் பக்கத்திலிருந்து பாருங்கோ. நடு மொத்தம், ஓரம் மெல்லிசு. அந்த உருவத்தைப் பார்த்துத்தான் கண்ணாடி வில்லைக்கே பெயர் வைத்தார்கள். ஆகவே வில்லை வடிவக் கலக்சி என்பது பருப்புக் கலக்சி. இன்றைக்குச் சாப்பாட்டில் பருப்புக்கறி இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அது எவ்வளவு தூரம்? ஒளி ஒரு விநாடியில் மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடும். சூரியனிலிருந்து எங்களிடம் வர எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அந்தக் கலக்சியிலிருந்து வர ஏறத்தாழ மூன்று கோடியே இருபது இலட்சம் வருடம். முந்தி ஊரிலிருந்து கடிதம் வர மாதக்கணக்காகும் அல்லவா? "நாங்கள் எல்லாரும் சுகம்" என்று எழுதியிருக்கும். அந்தச் சுகம் எழுதின அன்றைய சுகம். இன்றைக்கு என்ன நிலைமை என்று தெரியாமலே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அந்தக் கலக்சியின் ஒளியும் அப்படித்தான். அது புறப்பட்ட காலத்தில் பூமியில் மனிதனே இல்லை. 1787 இல் வில்லியம் கண்ணில் பட்டதும் அந்தக் கடிதத்தின் ஒரு வரிதான்.

இந்த வகைக் கலக்சிகளில் புதிய நட்சத்திரம் பிறப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயுவும் தூசியும் வேண்டும். சில கலக்சிகளில் அது செலவழிந்து தீர்ந்திருக்கும். சிலவற்றில் பக்கத்துக் கூட்டத்துக்குள் விழும்போது துடைத்து எடுக்கப்பட்டிருக்கும். சில வேறு கலக்சிகளோடு மோதி மாறியிருக்கும். 3115 இல் இருப்பவை பெரும்பாலும் வயது போன, மஞ்சள் கலந்த நட்சத்திரங்கள். அதனால் அது செத்துப்போனது என்று நினைக்கக் கூடாது. சிறிய நட்சத்திரங்கள் சிக்கனமாக எரிந்து ஆயிரக்கணக்கான கோடி வருடம் வாழும்.

அதன் நடுவில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு புதினம். 1992 இல் கோர்மெண்டி, றிச்ஸ்ரோன் என்ற இரு விஞ்ஞானிகள், நடுவுக்குக் கிட்டவுள்ள நட்சத்திரங்கள் எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்று ஹவாய்த் தீவிலுள்ள தொலைநோக்கியால் அளந்தார்கள். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும்போது வேகம் கூடினால் கை இறுக்கிப் பிடிக்க வேண்டுமல்லவா? அங்கே அப்படி இறுக்கிப் பிடிக்கிற கையைக் காணவில்லை. ஆனால் பிடி மட்டும் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் எங்கள் சூரியனைப்போல் நூறு கோடி மடங்குக்குக் குறையாத ஒரு கருந்துளை. 2011 இல் அதைச் சுற்றியுள்ள சூடான வாயு அதை நோக்கி இழுபடுவதைப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். படம் எடுத்த விண்வெளித் தொலைநோக்கியின் பெயர் சந்திரா. 1999 இல் அனுப்பினார்கள். யாருடைய பெயர்? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930 இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்கு வந்த கப்பலில் இருந்தபடியே நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிக் கணக்குப் போட்டவர். 1983 இல் நோபல் பரிசு பெற்றவர். ஸ்லௌவில் கண்ட புகாரின் நடுவை, ஒரு தமிழரின் பெயர் தாங்கிய கண் பார்த்தது. இதை எழுதும்போது மகளுக்கு நான் கொஞ்சம் கூடவே சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன்.

போன வருடம் இளவேனிலில் நகரத்துக்கு வெளியே, இருட்டான இடத்தில், வானம் பார்க்கும் ஆட்கள் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் குளிரில் நின்று காத்திருந்து பார்த்தேன். கறுப்பில் ஒரு சின்ன வெள்ளைக் கீறல். நகத்தால் கீறினது மாதிரி. மகள் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானோ அப்பா?" என்றாள். இவ்வளவுதான். ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் காரணத்தைச் சொல்லித்தான் முடிக்கப் போகிறேன். இது என் வீட்டுக் கதை, மன்னித்துக் கேளுங்கள்.

எனக்கு ஓர் அக்கா. எனக்கு இரண்டு வயது மூப்பு. மக நட்சத்திரம். "மகத்துப் பெண் ஜெகத்தை ஆளும்" என்று ஊரில் சொல்லுவார்களே, அக்கா பிறந்தபோது அப்பு அதைச் சொல்லிச் சொல்லித் திரிந்தாராம். 2006 இல் ஏ9 பாதை பூட்டிய பிறகு யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இரவில் ஊரடங்கு, கரண்டும் ஒழுங்காக இல்லை, மண்ணெண்ணெய் விலை கேட்கவே ஏலாது. உயர்தரச் சோதனைக்குப் படிக்கும் எனக்கு அக்கா முற்றத்தில் வைத்து வாயாலேயே கணக்குப் படிப்பிப்பா. களைத்தால் அண்ணாந்து நட்சத்திரம் காட்டுவா. "அங்கை பார், சிம்மராசி. அடியிலை பளிச்செண்டு நிக்கிறது மகம். என்ரை நட்சத்திரம்." கணக்கில் அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்ததும் அக்காவின் படிப்பு நின்றது. 2008 இல் என்னை வெளியே அனுப்ப அக்காவின் நகைதான் விற்றது. நான் வந்தேன். அக்கா நின்றா. ஜெகத்தை ஆளவேண்டியவ ஒரு குசினியையும் ஒரு கட்டிலையும் ஆண்டுகொண்டிருந்தா.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அக்காவுக்கு உண்மை சொன்னதில்லை. எஞ்சினியரிங் கொம்பனி என்று சொல்லி வைத்திருந்தேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. நகை விற்று அனுப்பினவவிடம் தூசி மாஸ்க் போட்டுக்கொண்டு உலோகம் தேய்க்கிறேன் என்று சொல்ல வெட்கம்.

கரோலைனைப் பற்றி வாசித்த கிழமை, ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஹேர்ஷலின் தட்டைப் பற்றி, பதினாறு மணி நேரத்தைப் பற்றி, பிறகு என் வேலையைப் பற்றி. அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டா: "உன்ரை கையிலை வாறது முகம் தெரியிற மாதிரி வருமோ?" வரும் என்றேன். "அப்ப சரி" என்றா. அவ்வளவுதான்.

ஆனால் எனக்குச் சரியாகவில்லை. வில்லியம் இங்கிலாந்துக்கு வந்து பதினைந்து வருடத்தில் தங்கையைக் குசினியிலிருந்து எடுக்கத் தாய்க்குப் பணம் கட்டினார். எனக்கு அதைவிடக் கூடக் காலம் எடுத்தது. அதுவும் ஒரு புத்தகம் வாசித்துத்தான் புத்தி வந்தது. அக்காவை இங்கே எடுக்க என்னால் முடியாது. அம்மாவைப் பார்க்கக் கிழமையில் நாலு நாள் ஓர் ஆளை வைக்கச் சம்பளம் அனுப்பத் தொடங்கினேன். நைற் ஷிப்ற்றுக்குக் கூடத் தருகிற காசு அதற்குப் போகிறது. அந்த நாலு நாளும் பின்னேரத்தில் அக்கா விறாந்தையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறா. இப்போது பதினொரு பிள்ளைகள். போன வருடம் அந்தக் கீறலைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அதைக் கண்ட வில்லியம் இல்லை. கீழே யன்னலோரம் மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தவதான்.

கரோலைனுக்கு 1787 இலிருந்து அரசர் வருடத்துக்கு 50 பவுண் சம்பளம் கொடுத்தார். தன் பங்குக்கு எட்டு வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்தார். 1822 இல் அண்ணன் இறந்தபின் ஹனோவருக்குத் திரும்பிப் போய், அந்த 2500 புகார்களையும் தேட வசதியாக ஒழுங்குபடுத்தி மருமகன் ஜோனுக்கு எழுதிக் கொடுத்தார். அதற்காக 1828 இல் லண்டன் வானியற் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1848 இல் இறக்கும்போது வயது 97. வில்லியமின் கல்லறை இங்கே அப்டன் தேவாலயத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கடைசியாக, புத்தாண்டு மலரில் வரப்போகிற பேச்சு என்றபடியால் ஒரு புத்தாண்டுச் செய்தி. சித்திரை முதலாம் நாள் இரவு ஒன்பதரை, பத்து மணி மட்டில் வெளியே வந்து தெற்கே பாருங்கள். உயரத்தில் மகம் தெரியும். கையை நேரே நீட்டி, முட்டியை மடித்து, மகத்திலிருந்து கீழே இரண்டு முட்டி அளவு இறங்குங்கள். அந்த இடத்தில்தான் அந்தக் கலக்சி. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அங்கேதான் நிற்கிறது. அன்றிரவு யாழ்ப்பாணத்தில் அது இதைவிட மிக உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலே வரும். அங்கே அப்போது நேரம் ஒன்பது மணிக்குச் சற்று முன். எங்களுக்கு முன்பே அவர்களுக்கு வந்துவிடும். அக்காவுக்குச் சொல்லிவிட்டேன், முற்றத்துக்கு வந்து பார்க்கச் சொல்லி. "உன்ரை நட்சத்திரத்துக்குக் கீழை பார்" என்று.

உங்களில் பலருக்கும் ஊரில் ஓர் அக்காவோ தங்கச்சியோ இருப்பா. நீங்கள் கண்டதையெல்லாம் எழுதி வைத்தவ, நீங்கள் வரும்போது நின்றவ. அன்றைக்குப் போன் எடுக்கும்போது உடுப்பு வாங்கினாயோ, பொங்கினாயோ என்று கேட்பதோடு நிற்காமல், உனக்கு இனி என்ன செய்ய விருப்பம் என்றும் ஒருக்கால் கேளுங்கோ.

பேச்சு முடிந்தது, நான் கதிரை அடுக்கப் போகவேண்டும்.